பெயின்ட் கடைக்காரருக்குக் காட்டிய வானம்

நான் எடுக்கும் படங்களில் கலர் ஏற்றுகிறேன் என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எனக்குச் சம்பந்தியாக வரப்போகிறவர். அதனால் கையில் இருந்த கரண்டியை ஓங்காமல், அவர் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தேன்.

பெயர் ப்ரேபன். டென்மார்க்கில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் சுவருக்கு நிறம் விற்ற மனிதர், எதைப் பார்த்தாலும் அதன் நிறத்துக்குப் பெயின்ட் அட்டையில் என்ன நம்பரோ அதைச் சொல்லிவிடுவார். என் வீட்டுக்குள் நுழைந்ததும் நலம் விசாரிப்பதற்கு முன்னால் கூடத்துச் சுவரைத் தடவிப் பார்த்து, "நாலாயிரத்து எரநூத்திப் பதினொண்ணு. இத நிறுத்தியே இருபது வருஷம் ஆச்சே" என்றார். அந்தப் பெயின்டை அடித்தது என் புருஷன் ஐலிஃப். எனக்கு அப்போதே சுருக்கென்று இருந்தது.

என் மகள் சுன்னிவாவும் அவர் பையன் யெப்பெயும் நவம்பரில் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். அதில் யாருக்கும் தகராறு இல்லை. எங்கே என்பதில்தான் தகராறு. டென்மார்க்கில் குளத்தங்கரையில் ஒரு மண்டபம் என்கிறார் அவர். வடகோடியில் இருக்கும் எங்கள் ஊர் ஹெஸ்ட்வோக்கின் தேவாலயம் என்கிறேன் நான். சுன்னிவா இருக்கிறாளே, அழுத்தக்காரி, "நீயும் அவரும் பேசி முடிச்சுக்கோங்கம்மா, எங்களுக்கு எங்கன்னாலும் சரி" என்று போனை வைத்துவிட்டாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஐலிஃப் இறந்து மூன்று வருடம் ஆகிறது. தேவாலய வாசலிலிருந்து பதினான்கு எட்டில் அவர் கல்லறைக் கல். வாசல் கதவைத் திறந்து வைத்தால் உள்ளே பாடுவது அவருக்குக் கேட்கும். மகள் கல்யாணம் அவருக்குக் கேட்காத இடத்தில் நடக்கக் கூடாது. அவ்வளவுதான் என் ஆசை. இதைச் சம்பந்தியிடம் எப்படிச் சொல்வது? செத்தவருக்குப் பத்திரிகை வைக்கிறாள், கழன்ற கேஸ் என்று ஊருக்குப் போய்ச் சொல்லமாட்டாரா? அதனால் வானத்தைக் காரணம் காட்டினேன். எங்கள் ஊர் இரவு வானத்தில் ஆடும் துருவ ஒளி வேறு எங்கேயும் கிடைக்காது, மணமக்கள் தலைக்கு மேலே பச்சைப் பந்தல் போட்டுக் கொடுக்கும் என்று நானே எடுத்த படங்களை வரிசையாக அனுப்பினேன். அதை வைத்துத்தான் அவர் என்னை மடக்கினார்.

"சம்பந்தியம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. வானத்துல பச்சை அப்படி வராது. நீங்க கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்கீங்க."

"நானா? எனக்கு ஒரு மெயில் அனுப்பணும்னாலே மகளுக்குப் போன் பண்ணணும்."

"அப்போ கேமரா ஏத்துது. கண்ணு ஏத்தாது. என் கண்ணுக்கு ஒரே ஒரு தடவ காட்டுங்க. கண்ணால பாத்துட்டா கல்யாணம் இங்கதான். இல்லேன்னா எங்க ஊரு. சரியா?"

"சரி" என்று கையைக் கொடுத்தேன். மூன்று நாள் தங்கப் போகிறார். ஜனவரி மாதம். சூரியன் இன்னும் எட்டிப் பார்க்காத காலம். மத்தியானம் கொஞ்ச நேரம் நீலமாக வெளுத்துவிட்டு மூன்று மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மூன்று நாளில் ஒரு தடவைகூடவா காட்டாது என்ற தைரியம்தான் எனக்கு.

இரண்டு நாளும் பனி கொட்டியது. சம்பந்தி ஜன்னலோரத்தில் உட்கார்ந்து என் வீட்டு நாற்காலி, கெட்டில், பூனை எல்லாவற்றுக்கும் நம்பர் சொன்னார். ஈரலும் முட்டையும் போட்ட காட் மீனைப் பார்த்ததும் நம்பர் சொல்லாமல் தட்டை ஒதுக்கினார். நான் சிரித்துச் சிரித்துப் பேசியதில் கன்னம் வலித்ததுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் காலையில் மேகம் விலகியது. வானொலியில் அடித்துச் சொன்னார்கள்: சூரியனில் பெரிய வெடிப்பு, இருபது வருடத்தில் இப்படி ஒரு சூரியப் புயல் வந்ததில்லை, சாயங்காலம் நான்கு மணியிலிருந்து துருவ ஒளிக்கு வானத்தைப் பாருங்கள் என்று. இரண்டு மாதமாக முகத்தைக் காட்டாத சூரியன் எனக்காக இவ்வளவு செய்திருக்கிறானே என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. சம்பந்தியின் விமானம் இரவு ஏழேகாலுக்கு. ஆறு மணிக்குக் கிளம்பினால் போதும். இரண்டு மணி நேரம் என் கையில் இருந்தது.

ரிஸ்டனைக் கூப்பிட்டேன். ரிஸ்டன் என் பக்கத்து வீட்டுக்காரி, இந்த வடக்குச் சீமையின் பூர்வகுடியான சாமி இனத்துப் பெண், என்னைவிட எட்டு வயது மூத்தவள். எங்கள் ஊரின் ஒரே டாக்ஸி அவளுடையது. அவள் வண்டியில் ஏறுகிறவர்களுக்கு இரண்டு சட்டம். ஒன்று, பூட்ஸைத் தட்டிவிட்டு ஏற வேண்டும். இன்னொன்று, வானத்தில் வெளிச்சம் இருக்கும்போது விசில் அடிக்கக் கூடாது. அடித்தால் வெளிச்சம் இறங்கி வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஊரில் யாரைக் கேட்டாலும் இதை நம்பவில்லை என்பார்கள். ஆனால் ஒருவரும் விசில் அடிக்க மாட்டார்கள்.

இதில் எனக்கு ஒரு சிக்கல் உண்டு. என் கேமரா ஐலிஃபுடையது. நேரம் வைக்கும் பாகம் செத்துப் பல வருடம் ஆகிறது. வயர் நுனியில் இருக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்து, எட்டு விநாடி கழித்து விட்டால்தான் இருட்டில் படம் விழும். ஒன்று இரண்டு என்று எண்ணினால் குளிரில் எண்ணிக்கை ஓடிவிடும். அதனால் ஐலிஃப் ஒரு நடனப் பாட்டின் முதல் அடியை விசிலில் அடிப்பார். பாட்டு திரும்பி வரும்போது சரியாக எட்டு விநாடி. நானும் அப்படித்தான். ரிஸ்டன் காதுக்கு எட்டாத தூரத்தில் மட்டும்.

"கேமரா எடுத்துட்டு வர்றியே, வாயையும் கூடவே எடுத்துட்டு வந்திருக்கியா?" என்றாள் ரிஸ்டன், வண்டியைக் கிளப்பிக்கொண்டே.

"மனசுக்குள்ளதான் பாடுவேன், போதுமா."

"எங்க மாமாவும் மெதுவாத்தான் அடிச்சாரு. தொப்பிய எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு."

பின்சீட்டிலிருந்து சம்பந்தி, "காத்து அடிச்சிருக்கும்" என்றார்.

"காத்தே இல்லாத நாளு. நீங்க பெயின்ட் விக்கிறவரு, பெயின்டப் பத்திப் பேசுங்க" என்றாள்.

படகுத்துறையில் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். மீன் ஆலையில் என்னோடு வேலை செய்கிறவர்கள், பள்ளிக்கூட வாத்தியார், எல்லோரும் கேமராவைக் கடலைப் பார்த்து நிறுத்தியிருந்தார்கள். நானும் முக்காலியை விரித்து, கேமராவைக் கடல் பக்கம் திருப்பி, லென்ஸ் வளையம் நகராமல் டேப் ஒட்டிவிட்டு நிமிர்ந்தேன். குளிர் மைனஸ் பதினாறு டிகிரி. நட்சத்திரம் எண்ணலாம் போலத் துல்லியமான வானம். நான்கு மணி ஆயிற்று. நாலரை ஆயிற்று. வானம் தார் போட்டது மாதிரி அப்படியே இருந்தது.

"இது எனக்குத் தெரியும்" என்றார் சம்பந்தி. "ஒன்பதாயிரத்து அஞ்சு. கறுப்பு."

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. டென்மார்க்கிலிருந்து அவர் மனைவி பிர்த்தெ. கையுறையோடு எதையோ அழுத்தப் போய், அந்த அம்மாள் பேசுவது துறை முழுக்கக் கேட்டது.

"ப்ரேபன், நம்ம கராஜுக்கு மேல வானம் செவந்து கெடக்கு. தெருவே வெளிய வந்து நிக்குது. நான் இன்னும் செருப்பக்கூட மாத்தல. நீ எங்க இருக்க?"

"உலகத்தோட வட கோடியில நிக்கிறேன்."

"அங்க இன்னும் பிரமாதமா இருக்கணுமே. எப்படி இருக்கு?"

"கறுப்பா இருக்கு" என்றார் சம்பந்தி.

நாற்பது பேரும் தங்கள் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிர்த்தெ அனுப்பிய படங்கள் வந்தன. கராஜ், குப்பைத் தொட்டி, அதற்கு மேலே திராட்சைச் சிவப்பில் வானம். எனக்கு வயிறு எரிந்தது.

"இதுலயும் கலர் ஏத்தியிருக்காங்களோ, சம்பந்தி?" என்றேன்.

"என் பொண்டாட்டிக்குப் போனத் தொறக்கவே ரெண்டு பேரு வேணும்" என்று சொல்லிவிட்டு, அவர் சிரிப்பை அடக்க முகத்தைக் கழுத்துத் துணியில் புதைத்துக்கொண்டார்.

ரிஸ்டன் வண்டியில் சாய்ந்து நின்று காபி குடித்துக்கொண்டிருந்தாள். "சின்ன புயல்னா நம்ம தலைக்கு மேல நிக்கும். பெரிய புயல்னா நம்மளத் தாண்டித் தெற்கே போயிடும். இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றாள்.

"தெரிஞ்சா முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"உனக்கும்தான் தெரியும். நாப்பது பேரும் கடலப் பாத்து நிக்கிறீங்களே, மீன் ஏதும் வருதாக்கும்னு நெனச்சேன்."

என்ன செய்வது, பழக்கம். எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு வெளிச்சம் என்றால் தலைக்கு மேலே, இல்லாவிட்டால் கடல் மேலே. முதுகுப் பக்கம், தெற்கே, கிழவிமலை நிற்கிறது. அதைப் பார்த்து யாரும் இன்றுவரை கேமரா வைத்ததில்லை. நாற்பது பேரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். கிழவிமலை வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் தோளில் மட்டும், அணைந்த அடுப்பில் மிச்சம் இருக்குமே, அந்த அளவுக்குச் சிவப்பு.

"தேவாலயத்து மேட்டுலேருந்து பாத்தா தெற்கே கணவாய் தெரியும்" என்றேன். "ரிஸ்டன், வண்டிய எடு."

தேவாலயம் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து இருபது. முழங்கால் அளவு பனியில் முக்காலியைத் தூக்கிக்கொண்டு கல்லறைகளுக்கு நடுவே நடந்தேன். கணவாய் நேராகத் தெரிகிற இடம் எது என்று எனக்குத் தேடவே வேண்டாம். அங்கே நான் மாதம் நான்கு தடவை வந்து நிற்கிறவள். ஐலிஃபின் கல்லுக்கு நாலு எட்டு முன்னால் முக்காலியை நிறுத்தினேன். கல்லின் மேல் பனி மூடியிருந்ததால் பெயர் தெரியவில்லை. சம்பந்தியிடம் நானும் சொல்லவில்லை.

கணவாய்க்கு மேலே ஏதோ மங்கலாக இருந்தது. பொத்தானை அழுத்தி, உதட்டை மட்டும் அசைத்து மனசுக்குள் பாட்டை ஓட்டி, எட்டு விநாடியில் விட்டேன். கேமராவின் திரையில் கணவாய் முழுக்க ரத்தச் சிவப்பு. ஓடிப்போய்க் காட்டினேன்.

சம்பந்தி திரையைப் பார்த்தார். கணவாயைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். "நான் சொன்னேன்ல? கேமராதான் ஏத்துது. என் கண்ணுக்கு அது சாம்பல்."

"என்ன நம்பரு?"

"நம்பரு குடுக்கற அளவுக்குக்கூட இல்ல, சம்பந்தியம்மா." அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "நீங்க ரொம்பப் பாடுபட்டுட்டீங்க. விடுங்க. எங்க ஊரு மண்டபமும் நல்லாத்தான் இருக்கும். முன்வரிசையில உங்களுக்கு எடம்."

முன்வரிசையில் எனக்கு இடமாம். இங்கே பனிக்கு அடியில் கிடக்கிறவருக்கு எந்த வரிசை? குளிர்தான் என்று காட்டிக்கொள்ள மூக்கை உறிஞ்சினேன். மணி ஐந்து நாற்பது.

ரிஸ்டன் என் பக்கத்தில் வந்து நின்றாள். ஐலிஃப் அவளுக்குத் தம்பி மாதிரி. அவளுடைய டாக்ஸியை நாற்பது தடவை பிரித்து மாட்டியவர். கல்லை ஒரு பார்வை பார்த்தாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "அடிடீ" என்றாள்.

"என்னத்த?"

"விசில."

முப்பது வருடமாக என்னை விசில் அடிக்க விடாதவள். அவள் பக்கம் திரும்பினேன். "நெஜமாத்தான் சொல்றியா?"

"எனக்கு ஒண்ணும் இதுல பெருசா நம்பிக்கை கெடையாது. ஆனா ப்ளேன் ஏழேகாலுக்கு. மெதுவா அடி. மரியாதையா அடி."

உதட்டைக் குவித்தேன். மைனஸ் பதினாறு டிகிரி குளிரில் ஒன்றரை மணி நேரம் நின்ற உதடு. ஃபூ என்று காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றேன். ஃபூ. என் வீட்டுக் கெட்டில்கூட இதைவிட நன்றாக அடிக்கும்.

சம்பந்திக்கு அடக்கி வைத்த சிரிப்பு வெடித்துவிட்டது. "இவ்வளவுதானா? நகருங்க" என்று கையுறையைக் கழற்றி, இரண்டு விரலை வாயில் விட்டு, ஊரில் தன் நாயைக் கூப்பிடுகிற விசிலை அடித்தார். தேவாலயச் சுவரில் பட்டு, வளைகுடாவைத் தாண்டி, கிழவிமலையில் மோதி அது திரும்பி வந்தது. படகுத்துறையிலிருந்து வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நாற்பது பேருக்கும் கேட்டதாம்.

"நான் அவளுக்குச் சொன்னேன், உங்களுக்கா சொன்னேன்?" ரிஸ்டனுக்குக் குரல் கீச்சென்று போய்விட்டது. "நாயக் கூப்பிடற மாதிரி கூப்பிட்டுட்டீங்களே. இப்போ நாய் மாதிரியே வரும்."

"எது வரும்?" என்று சம்பந்தி சிரித்துக்கொண்டே கேட்டார்.

அது வந்தது. கணவாய்க்கு மேலே இருந்த சாம்பல் முதலில் வெளுத்தது. அப்புறம் மலை முகட்டில் ஒரு பச்சைக் கோடு. அந்தக் கோடு எழுந்து, மடிந்து, வானத்தில் எங்களை நோக்கி ஓடி வந்தது. தெற்கே போன புயல் சில நேரம் இப்படி வடக்கே பாய்ந்து திரும்பும் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, முடியெல்லாம் நட்டுக்கொண்டது. தலைக்கு மேலே வந்ததும் அது வெடித்துப் பரந்தது. உச்சியிலிருந்து எல்லாப் பக்கமும் கதிர் கதிராக இறங்கியது. மேலே சிவப்பு, நடுவில் பச்சை, கீழே ஊதா ஓரம். பனி பச்சையாயிற்று. தேவாலயம் பச்சையாயிற்று. ரிஸ்டனின் காபிக் குவளை பச்சையாயிற்று.

"படுங்க" என்று கத்தினாள் ரிஸ்டன்.

பெயின்ட் கடைக்காரர் ஒரு கேள்வி கேட்கவில்லை. தொப்பி பறக்க நாலு எட்டு ஓடி, முதலில் கிடைத்த கல்லறைக் கல்லுக்குப் பக்கத்தில் விழுந்து, அதை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். அது ஐலிஃபின் கல்.

கேமரா அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பொத்தானை அழுத்தினேன். உதடு எப்படி இளகியதோ தெரியவில்லை, பாட்டு சத்தமாகவே வந்தது. ஐலிஃப் அடிக்கிற அதே பாட்டு, அதே இழுப்பு. ரிஸ்டன் என்னைத் திட்டவில்லை. அடி முடிந்ததும் பொத்தானை விட்டேன். விட்ட பிறகும் பாட்டை நிறுத்த மனம் வரவில்லை.

"சம்பந்தி," என்றேன், "என்ன நம்பரு?"

கல்லின் ஓரத்திலிருந்து ஒரு பச்சை மொட்டைத் தலை மெதுவாக எழும்பியது. வாயைத் திறந்தபடி வானத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இது எங்க அட்டையிலயே இல்ல" என்றார்.

பிறகு குனிந்து தான் எதைக் கட்டிப்பிடித்திருக்கிறோம் என்று பார்த்தார். அவர் விழுந்த வேகத்தில் கல்லிலிருந்த பனி உதிர்ந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் எழுத்து எழுத்தாகப் படித்தார். பெயரைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரரா?"

"ஆமா."

அவர் தலையைத் திருப்பி, கல்லிலிருந்து தேவாலயத்தின் வாசல்வரை கண்ணால் அளந்தார். கடைக்காரர் அல்லவா, புரிந்துகொள்ள நேரம் பிடிக்கவில்லை.

"இதுக்காகத்தானா?"

"இதுக்காகத்தான்."

"அத மொத நாளே சொல்லியிருந்தா," என்றார், பனியில் மண்டியிட்டபடியே, "நான் ஏன் சம்பந்தியம்மா இந்தக் குளிர்ல வந்து நிக்கப்போறேன்? உங்க வீட்டுல சூப்பு வைக்கறதுக்கு முன்னாடியே சரின்னிருப்பேனே."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அழுதேன். மூன்று நாளாகச் சிரித்ததற்கு எல்லாம் சேர்த்து அழுதேன். ரிஸ்டன் எனக்குக் கைக்குட்டை கொடுப்பாள் என்று பார்த்தால், "மணி ஆறு அஞ்சு" என்றாள்.

தொப்பியைத் தேடினோம். மூன்று பேரும் கல்லறை கல்லறையாகக் காலால் துழாவியும் கிடைக்கவில்லை. "மாமாவுக்கும் இப்படித்தான்" என்று மட்டும் சொன்னாள் ரிஸ்டன். சம்பந்தி தலையைக் கழுத்துத் துணியால் சுற்றிக்கொண்டு வண்டியில் ஏறினார். ஏறுவதற்கு முன் பூட்ஸைத் தட்டிவிட்டார்.

அன்று ஊரில் இருந்த நாற்பது கேமராவும் கிழவிமலையைப் பார்த்து எடுத்த படத்தில் மலைதான் இருந்தது. வெளிச்சம் வந்தபோது எல்லோரும் கேமராவை மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்களாம். என்னிடம் ஒரே ஒரு படம். அதில் ஒரு கல்லறைக் கல், அதைக் கட்டிக்கொண்டு முகமெல்லாம் பச்சையாக ஒரு மனிதர். பயத்தில் எட்டு விநாடியும் கல்லோடு கல்லாகக் கிடந்ததால் படம் கொஞ்சமும் ஆடவில்லை. ஒவ்வொரு பல்லும் தெரிகிறது. ஐலிஃபை நான்கூட அவ்வளவு இறுக்கமாகக் கட்டிப்பிடித்ததில்லை.

பிர்த்தெக்கு அனுப்பினேன். மறுநாள் காலையில் போன் வந்தது. "என்ன இது, இவரு மூஞ்சில பச்சைக் கலர் ஏத்தி அனுப்பியிருக்கீங்க?" பின்னாலிருந்து சம்பந்தியின் குரல் கேட்டது: "ஏத்தல. அது அப்படியேதான் இருந்துச்சு. மண்டபத்துக்காரனுக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லு."

மே மாதம் பனி உருகியதும் தொப்பி கிடைத்தது. எங்கேயும் போகவில்லை, ஐலிஃபின் கல்லுக்கு அடியிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தது. ரிஸ்டனிடம் சொல்லவில்லை, அவள் மாமாவின் கதை கெட்டுவிடும். சம்பந்திக்கும் அனுப்பவில்லை. துவைத்து, உலர்த்தி, பீரோவில் வைத்திருக்கிறேன். நவம்பரில் கல்யாணத்தன்று காலையில் எடுத்துப் போய்க் கல்லின் மேல் மாட்டிவிட்டு, தேவாலயத்துக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். பெண்ணைப் பெற்றவருக்குக் கல்யாணத்துக்கு ஏதாவது ஒன்று புதுசாக வேண்டாமா?